ஏழு வீட்டுக்கு ஒரு கோழி

விருந்தாளி வந்தால் கோழி அடிக்க வேண்டும். அடித்த கோழியின் இரைப்பையை விருந்தாளியின் தட்டில் வைக்க வேண்டும். மற்ற நாட்களில் அது வீட்டுக்காரனுக்கு உரிய துண்டு. அதை எடுத்து வந்தவருக்கு வைத்தால், இந்த வீட்டில் இப்போது நீங்கள்தான் பெரியவர் என்று சொன்னதாக அர்த்தம். மலாவியின் மலைப்பக்கம் இருக்கும் சிம்பலாமே கிராமத்தில் கொலை செய்தவனுக்குக்கூட மன்னிப்புக் கிடைத்துவிடும், இரைப்பை இல்லாமல் விருந்தாளிக்குக் கோழிக்கறி வைத்தவளுக்குக் கிடைக்காது.

உபதேசியார் சகேயோ அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன். அதனால்தான் போதகர் தோபியா அவனைக் கூப்பிட்டு, "ஏழு வீடுகளுக்கும் முன்கூட்டியே போய்ச் சொல்லிவிடு. எனக்காக யாரும் கோழி அடிக்கக் கூடாது. கண்டிப்பாகக் கூடாது" என்று சொன்னபோது இது நடக்கிற காரியமில்லை என்று அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது.

போதகருக்கு ஊர் நார்வே. அவருடைய சொந்தப் பெயரைச் சொல்வதற்குள் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்பதால் சபையார் அவரைத் தோபியா ஆக்கிவிட்டார்கள். நல்ல மனிதர். வந்து மூன்று வருடமாகியும் உள்ளூர் பாஷையில் வணக்கத்தையும் நன்றியையும் தாண்டவில்லை. அவருக்கு இந்த உலகில் இரண்டே பயங்கள். ஒன்று, மிஷன் கொடுக்கும் உதவி தகுதியில்லாதவன் கைக்குப் போய்விடுமோ என்பது. மற்றது கோழி இரைப்பை. வந்த புதிதில் ஒரு வீட்டில் ஆசையாகக் கடித்தார். உள்ளே ஒரு பொடிக்கல் இருந்து கடைவாய்ப் பல் போய்விட்டது.

இப்போது மிஷன் கொட்டகையில் கூரைத் தகரம் வந்து இறங்கியிருந்தது. கடல் கடந்து அனுப்பிய புண்ணியவான்கள் சும்மா அனுப்பவில்லை, இருபத்துநான்கு கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தையும் சேர்த்தே அனுப்பியிருந்தார்கள். போதகர் தாமே வீடுவீடாகப் போய்க் கண்ணால் பார்த்து நிரப்ப வேண்டும்; கேள்விகளை ஊராருக்கு முன்கூட்டிச் சொல்லக் கூடாது. பதினோராவது கேள்வி, 'இவ்வீட்டில் இறைச்சி உண்ணப்படுகிறதா?' அதற்கு 'ஆம்' என்று விழுந்தால் மற்ற இருபத்துமூன்றும் அழுது புரண்டாலும் தகரம் கிடையாது.

சிம்பலாமேயில் ஏழு குடும்பங்களின் பெயர் எழுதப்பட்டிருந்தது. ஏழாவது பெயர் ஃபலேசி. சகேயோவின் கூடப்பிறந்த அக்கா, புருஷன் போய்ச் சேர்ந்து நான்கு வருடம், இரண்டு பெண் பிள்ளைகள். போன மழையில் கூரை ஒழுகி, இளையவளுக்கு நெஞ்சில் சளி கட்டி, பிழைத்ததே பெரிய பாடாகிவிட்டது. இன்னொரு மழைக்காலத்தை அந்தக் கூரைக்கடியில் அவள் தாங்க மாட்டாள் என்று ஆஸ்பத்திரியில் வெளிப்படையாகவே சொல்லி அனுப்பியிருந்தார்கள். புதிதாகப் புல் வேயலாம் என்றால், எலி பிடிக்கிறேன் என்று போன புத்திசாலிகள் வைத்த தீயில் இந்த வருடம் மலை முழுக்கப் புல் கருகிவிட்டது. இந்தப் பக்கத்தில் அக்கா தங்கைகளுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் காவல் கூடப்பிறந்தவன்தான். அந்தக் காவல்காரனோ மிஷன் கொடுத்த தகரக் கூரைக்கடியில் கால் நீட்டிப் படுத்திருந்தான். சொந்தக்காரி என்பதால் ஃபலேசிக்காக ஒரு வார்த்தை பேசவும் அவனுக்கு வாயில்லை. போதகர் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் அவன் ஜன்னல் பக்கம் திரும்பி இருமிக்கொள்வான்.

திங்கட்கிழமை சகேயோ ஊருக்குப் போனான். ஏழு வீட்டுப் பெண்களும் மாமரத்தடியில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தார்கள். மாதர் சங்கத் தலைவி டொரிக்காவும் அந்த ஏழில் ஒருத்தி.

"வாடா உபதேசியாரே" என்றாள் ஃபலேசி. "கர்த்தருக்கே எல்லாரையும் பாக்க நேரமிருக்கு. உனக்கு அக்காவைப் பாக்க இன்னிக்குத்தான் நேரம் கெடச்சுதா?"

"புதன்கிழமை பாஸ்டர் வர்றார்க்கா. வீட்டைப் பாத்து எழுதிட்டுப் போவார். கோழி கீழின்னு யாரும் அடிச்சிடாதீங்க. கண்டிப்பா சொல்லச் சொன்னார்."

டொரிக்கா முறத்தைக் கீழே வைத்தாள். "அவரே வாயைத் திறந்து சொன்னாரா, கோழின்னு?"

"ஆமா. வேண்டவே வேண்டாம்னு."

"கேட்டுக்கிட்டீங்களாடி? போன தடவை வந்தப்ப மனுசனுக்குப் பூசணியெலையப் போட்டு அனுப்பினோம். மனசுல வச்சிருந்திருக்கார், பாவம்."

"ஐயோ டொரிக்காக்கா, நெசமாவே வேண்டாம்கிறார்."

"வேண்டாம்னு சொல்லாத விருந்தாளிய நீ எந்த ஊர்லடா பாத்த? வேணும்னு சொன்னா அவன் விருந்தாளி இல்ல, வசூல் பண்ண வந்தவன்."

பெண்கள் சிரித்தார்கள். இனிமேல் எதைச் சொன்னாலும் அது கோழியை இன்னும் பெரிதாகத்தான் ஆக்கும் என்று தெரிந்ததால் சகேயோ வாயை மூடிக்கொண்டு திரும்பினான். ஒரே ஒரு நம்பிக்கை அவனுக்கு இருந்தது. இரண்டு மாதம் முன்பு வந்த கோழிச்சீக்கில் ஊரே துடைத்துப் போயிருந்தது. அடிக்க ஆசைப்பட்டாலும் அடிக்கக் கோழி வேண்டுமே!

அவனுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. ஃபலேசி தன்னுடைய ஒரு முட்டைக்கோழியைச் சீக்குக் காலம் முழுக்கப் பானைக்குள் அடைத்து, தன் படுக்கைக்குப் பக்கத்திலேயே வைத்துக் காப்பாற்றியிருந்தாள். அது போட்ட முட்டையைத்தான் இளையவள் நெஞ்சு தேறக் குடித்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை காலையில் விஜயம் தொடங்கியது. முதல் வீட்டில் பாய் விரித்தார்கள். வீட்டுக்காரி முழங்காலிட்டுக் கைகழுவத் தண்ணீர் ஊற்றினாள். வெள்ளைக் களி உருண்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம். மூடியைத் திறந்தால் கோழிக்குழம்பு, அதன் மேலே ராஜா மாதிரி இரைப்பை. போதகர் முகம் வெளுத்தது. ஏற்கனவே வெளுத்த முகம் என்பதால் சகேயோவைத் தவிர யாரும் கவனிக்கவில்லை.

இருவரும் தங்களுக்குள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வார்கள். "நான் வேண்டாம் என்று சொல்லச் சொன்னேனே, சகேயோ."

"சொன்னேன் ஐயா."

"பிறகு ஏன்?"

"சொன்னதனாலதான் ஐயா."

போதகர் இறக்கையில் ஒரு துண்டைப் பிய்த்துத் தின்றார். இரைப்பையைக் களிக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். நன்றி சொன்னார். பெருமூச்சு விட்டுப் பதினோராவது கேள்விக்கு 'ஆம்' என்று குறித்தார். இரண்டாவது வீட்டிலும் கோழி. இரண்டாவது 'ஆம்'.

மூன்றாவது வீட்டில் கிண்ணத்தைத் திறந்ததும் சகேயோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த இரைப்பையை அவனுக்குத் தெரியும். ஓரத்தில் கத்தி பட்டு மீன் வாய் போலப் பிளந்திருந்தது. முதல் வீட்டிலும் அந்த வாய் அவனைப் பார்த்துத் திறந்திருந்தது, இரண்டாவது வீட்டிலும். அவன் தலையைத் திருப்பிப் பின்வாசல் வழியே பார்த்தான். தானியக் குதிர்களின் மறைவில் இரண்டாவது வீட்டுக்காரி வெறுங்கையோடு, மூச்சு வாங்க, வந்த வழியே திரும்பி நடந்துகொண்டிருந்தாள்.

அப்புறம் எல்லாமே விளங்கிவிட்டது. குழம்பு வீட்டுக்கு வீடு தண்ணீராகிக்கொண்டே வந்தது. போதகர் படிவத்திலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்ததால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் ஜெபம் பண்ணி, நன்றி சொல்லி, வாசலில் நின்று கூரையைப் பார்த்து, பிள்ளைகளின் தலையைத் தடவிப் புறப்படுவதற்குள் அந்தக் கிண்ணம் முந்தானை மறைப்பில் அடுத்த வீட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சகேயோ தன் பங்குக்கு ஒரு துண்டையும் தொடவில்லை. களியைக் குழம்பில் லேசாகக் காட்டி விழுங்கினான்.

"உனக்கு உடம்பு சரியில்லையா?" என்று போதகர் கவலையாகக் கேட்டார்.

"வயிறு சரியில்ல ஐயா. நீங்களும் கொஞ்சமா சாப்பிடுங்க. வெயில் நாள்."

ஐந்தாவது வீட்டில் கிண்ணத்தில் மிச்சமிருந்தது ஒரு கழுத்து, ஒரு கால், இரைப்பை. ஐந்தாவது 'ஆம்'. ஆறாவது வீடு டொரிக்காவுடையது. அங்கேதான் போதகருக்கு மனசாட்சி விழித்துக்கொண்டது. அதுவரை விழிக்காமல் இருந்ததற்கும் சேர்த்து விழித்துக்கொண்டது.

"சகேயோ, எனக்கு வெட்கமாக இருக்கிறது. இந்தத் துண்டுதான் இவர்களுடைய மரியாதை என்று எனக்குத் தெரியும். ஐந்து வீடுகளில் ஐந்து மரியாதைகளை ஒதுக்கிவிட்டேன். இதற்கு மேல் முடியாது."

கிண்ணம் இன்னும் ஒரு வீட்டுக்குப் போக வேண்டுமே! ஏழாவது வீடு ஃபலேசியுடையது. "ஐயா, வேண்டாம். கட்டாயம் ஒண்ணுமில்ல. யாரும் தப்பா நெனக்க மாட்டாங்க."

"இல்லை. பெருமையை விட வேண்டும்."

"பல்லு ஐயா! போன தடவ பல்லு போச்சே!"

"பல் போனால் போகட்டும்" என்று சொல்லிப் போதகர் கண்ணை மூடிக்கொண்டு இரைப்பையை வாயில் போட்டார். ஐந்து வீடு சுற்றி, ஐந்து முறை சூடேறி, அது செருப்புத் தோலாகியிருந்தது. அவர் மென்றார். வெகுநேரம் மென்றார். முழங்காலிட்டிருந்த டொரிக்காவின் வாய் திறந்தபடியே நின்றது. பின்வாசலில் யாரோ ஒரு மூடியைக் கீழே போட்டார்கள். போதகர் கடைசியில் தொண்டை புடைக்க விழுங்கி, கண்ணில் நீர் ததும்பச் சிரித்தார். மூன்று வருட ஊழியத்தில் தான் செய்த முதல் உண்மையான தியாகம் இதுதான் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். சகேயோவுக்கு அவர் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருந்தது.

ஃபலேசியின் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. சகேயோ குரல் கொடுத்தான், பதிலில்லை. கூரையின் ஓட்டைகள் வழியே புகை கசிந்துகொண்டிருந்தது. அவனுக்குப் புரிந்தது. இரைப்பை இல்லாத கிண்ணம் குதிர்ப் பக்கமாக வந்திருக்கும், பார்த்திருப்பாள். வெறும் கீரையை வைப்பதா, இரைப்பை இல்லாத காலை வைப்பதா? இரண்டுக்கும் கதவைச் சாத்திக்கொள்வதே மேல்.

அப்போது உள்ளே ஒரு குழந்தை இருமியது. நீளமான, கரகரத்த இருமல்.

"யாரோ இருமுகிறார்கள்" என்றார் போதகர்.

"ஆடு ஐயா" என்றான் சகேயோ.

போதகர் ஃபலேசியின் பெயருக்கு நேரே 'வீட்டில் இல்லை, தள்ளுபடி' என்று எழுதினார். மிஷனுக்குத் திரும்பி வராந்தாவில் உட்கார்ந்து படிவங்களை அடுக்கியபோது அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "ஆறு வீடுகள், ஆறிலும் இறைச்சி! நாம் நினைத்ததைவிட இந்த ஊர் எவ்வளவோ ஆசீர்வதிக்கப்பட்டிருக்கிறது. திங்கட்கிழமை தகரத்தை அடுத்த பள்ளத்தாக்குக்கு அனுப்பிவிடலாம்." ஆறு வீட்டின் கூரைகளையும் அவர் தம் கண்ணாலேயே பார்த்திருந்தார். என்ன செய்வது, படிவத்தில் பதினோராவது கேள்விக்கு அப்புறம்தான் கூரை வருகிறது.

மறுநாள் சகேயோ அக்காவிடம் ஓடினான். அவள் அடுப்பில் கீரை கிண்டிக்கொண்டிருந்தாள். சின்னவள் மூலையில் சுருண்டிருந்தாள், பக்கத்தில் கோழி இறகு ஒட்டிய ஒரு காலிப் பானை.

"வாங்க, ஆட்டுக்கு மாமா" என்றாள் ஃபலேசி.

அவனுக்கு முகம் செத்துவிட்டது.

"உங்க இங்கிலீசுல ஆட்டுக்கு என்னன்னு எனக்கும் தெரியும்டா. நானும் நாலாவது வரைக்கும் படிச்சவதான்."

"அக்கா, நான் போய் உண்மையச் சொல்லிடுறேன். ஒரே கோழிதான், அதுவும் உன்னுதுதான்னு."

"சொல்லுவ. சொல்லிட்டு, அப்புறம் எந்தக் கெணத்துல விழுறதுன்னும் எங்க ஏழு பேருக்கும் சொல்லிட்டுப் போ. விருந்தாளிக்கு எச்சத் தட்டைச் சுத்தவிட்ட ஊருன்னு பேர் வாங்கிக் குடுக்கப் போறியா?"

"கொழந்தை இருமுறாளே அக்கா."

"எனக்குக் காது கேக்குது" என்றாள் அவள். கரண்டி நின்றது. "நனைஞ்சா காஞ்சுக்கலாம். மானம் நனைஞ்சா காயாது. நீ சொன்னேன்னு தெரிஞ்சுது, உனக்கு அக்கா இல்ல."

வெள்ளிக்கிழமை மேற்கே மேகம் கட்டியது. மழைக்கு இன்னும் ஒரு வாரமோ பத்து நாளோ. சகேயோ இரண்டு முறை போதகர் அறை வாசல்வரை போய்த் திரும்பினான். மூன்றாவது முறை உள்ளே போய், கதவைச் சாத்தி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். கோழியை, கிண்ணத்தை, குதிர்ப் பாதையை, முட்டையை, ஆட்டை.

போதகர் படிவங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அந்த நெட்டையான மனிதர் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக் குலுங்கி அழுதார். சகேயோவுக்கே பாவமாகிவிட்டது. உண்மையைச் சொன்னது நல்லதுதான் என்று அவன் நினைத்தான். அந்த நினைப்பு ஐந்து நிமிஷம் நீடித்தது.

"ஞாயிற்றுக்கிழமை" என்று போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார், "சபைக்கு முன்னால் மன்னிப்புக் கேட்கப் போகிறேன். எல்லாவற்றையும் சொல்லி. ஒன்றையும் மறைக்காமல்."

"ஐயா, அது மட்டும் வேண்டாம்."

"நான் இரைப்பையை உண்ணப்போனபோதும் நீ இதையேதான் சொன்னாய்."

"அப்பவும் சரியாத்தான் ஐயா சொன்னேன்!"

அவர் கேட்கவில்லை. நல்லவர்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் கெட்டவர்களைவிட மோசம். சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினார். தகரம் ஏழு வீட்டுக்கும் உண்டு என்றும், கடல் கடந்தவர்களுக்குத் தாமே பதில் சொல்லிக்கொள்வதாகவும் முடிவு செய்தார். அதெல்லாம் சரி. அதை மொழிபெயர்க்கப் போகிறவன் யார்?

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. ஏழு பெண்களும் வெள்ளைச் சட்டை போட்டு மாதர் சங்க வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். போதகர் பிரசங்க பீடத்தைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் சகேயோ, தூக்குமேடைக்கு வந்தவன் மாதிரி.

"சகோதரிகளே, நான் உங்களுக்கு விரோதமாகப் பாவம் செய்தேன்" என்றார் போதகர் ஆங்கிலத்தில்.

சகேயோ சபையைப் பார்த்தான். டொரிக்கா அவனையே பார்த்தாள். ஃபலேசி பார்த்த பார்வையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

"பாஸ்டர் சொல்றார், அம்மாமாரே, நான் உங்களுக்குக் கடன்பட்டுட்டேன்கிறார்."

"ஆறு வீடுகளில் உட்கார்ந்து, ஒரே ஒரு ஏழை விதவையின் ஒரே கோழியைத் தின்றேன்!"

"ஆறு வீட்டுல சாப்பிட்டேன், ஆறு வீட்டுலயும் ஆறு ருசி, எந்தக் கை ஒசத்தின்னு சொல்ல முடியலன்னு சொல்றார்."

வரிசையில் ஒரு சலசலப்பு. யாரோ ஒருத்தி கையைத் தட்டினாள்.

"நான் குருடனாக இருந்தேன்! உங்கள் பசியைப் பார்க்கவில்லை, என் காகிதத்தை மட்டும் பார்த்தேன்!" போதகரின் குரல் உடைந்தது.

"எங்க ஊர்லகூட இப்படி ஒரு விருந்தைக் கண்ணால கண்டதில்ல, நெனச்சா அழுகையா வருதுங்கிறார்."

போதகர் உண்மையாகவே அழுததால் இதை நம்பாமலிருக்க யாருக்கும் வழியில்லை. குலவை ஒன்று எழுந்தது. சபை தன்னை மன்னித்துவிட்டது என்று நினைத்த போதகர் இன்னும் தேம்பினார். இன்னொரு குலவை.

"ஆகையால், இது தர்மம் அல்ல, நான் செய்ய வேண்டிய பரிகாரம். நாளை தகரம் வரும்!"

சகேயோவுக்கு இப்போது சூடு பிடித்துவிட்டது. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு மொழிபெயர்ப்பை அவன் செய்ததில்லை. "வயிறார உண்டவன் வெறுங்கையோட போனா அவன் மனுசனான்னு கேக்குறார். பதில் மரியாதை செய்யாம எனக்குத் தூக்கம் வராதுங்கிறார். அதனால, எனக்குச் சோறு போட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் நாளைக்குக் கூரைத் தகரம் வருது, தயவுபண்ணி வேண்டாம்னு சொல்லிடாதீங்கன்னு கும்பிட்டுக் கேக்குறார்!"

கோயில் அதிர்ந்தது. பெண்கள் எழுந்து ஆடினார்கள். சகேயோ வெற்றியோடு அக்காவின் பக்கம் திரும்பினான். திரும்பிய பிறகுதான் தான் என்ன சொல்லியிருக்கிறோம் என்பது அவன் மண்டையில் ஏறியது. சோறு போட்ட ஒவ்வொரு வீட்டுக்கும். சோறு போட்டது ஆறு வீடு. ஏழாவது வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, அது ஊருக்கே தெரியும். கோழி யாருடையது என்பதும் ஊருக்கே தெரியும், ஆனால் அதைச் சொல்ல ஊரில் ஒருவருக்கும் வாய் கிடையாது. டொரிக்காவின் கை பாதித் தட்டலில் நின்றது. மற்ற ஐந்து பேரும் ஒவ்வொருவராகத் தலையைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

ஃபலேசிதான் முதலில் சமாளித்துக்கொண்டாள். தலையை நிமிர்த்தி, நாக்கைச் சுழற்றி, கோயில் கூரை பிளக்க ஒரு குலவை விட்டாள்.

திங்கட்கிழமை வண்டியில் ஏழு வீட்டுக்கும் தகரம் வந்தது. ஃபலேசி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இது எதுக்கு?"

"உனக்குத்தான்க்கா. பாஸ்டரே உன் பேரை எழுதியிருக்கார்."

"அவர் என் வீட்டுல என்ன சாப்பிட்டார்?"

"அக்கா..."

"உன் வாயாலதானடா சொன்ன, சோறு போட்ட வீட்டுக்குத்தான்னு! நான் போட்டேனா? போடாம வாங்கினா அதுக்கு என்ன பேரு? அவங்க ஆறு பேரும் கூரையோட இருக்க, நான் பிச்சையோட இருக்கணுமா? வண்டிய எடுக்கச் சொல்லு."

"அந்தக் கோழியே உன்னுதுதானே!"

"எந்தக் கோழி?" என்றாள் ஃபலேசி. "எங்கிட்ட ஏது கோழி?"

வண்டி திரும்பியது. போகும் வழியில் ஆறு கூரைகளில் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. அடித்தவர்கள்கூட ஏதோ தப்புச் செய்கிறவர்களைப் போல மெதுவாகத்தான் அடித்தார்கள்.

போதகருக்கு விஷயத்தை விளக்குவதற்குள் சகேயோவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. முக்கியமாக, தான் சபையில் உண்மையில் என்ன மொழிபெயர்த்தோம் என்பதைச் சொன்ன இடத்தில். வேலை போய்விட்டது என்றே அவன் நினைத்தான்.

"அப்படியானால், நான் அவள் வீட்டில் சாப்பிட வேண்டும்" என்றார் போதகர். "அவ்வளவுதானே? மிஷன் பண்ணையிலிருந்து ஒரு வெள்ளைக் கோழியைக் கொடுத்து அனுப்பு."

"பண்ணைக் கோழிய ஊர்ல கொழந்தைகூடக் கண்டுபிடிச்சிடும் ஐயா. விருந்தாளி தன் சாப்பாட்டைத் தானே கொண்டு வந்தான்னு சிரிப்பாங்க. கோழி எங்கிட்டேர்ந்துதான் போகணும். நான் அவளுக்குக் காவல். நான் குடுத்தா வாங்குவா."

சீக்கிலிருந்து தப்பிய ஒரே சிவப்புக் கோழியைச் சகேயோ தன் வீட்டுக் கூண்டிலிருந்து எடுத்தான். அவன் மனைவி நான்கு நாள் அவனோடு பேசவில்லை. ஃபலேசி கோழியை வாங்கி, தூக்கிப் பார்த்து, வயிற்றைத் தடவினாள்.

"கூரை போட வக்கில்லாதவன் கோழியாவது கொண்டாந்தானே" என்றாள். ஆனால் வாங்கிக்கொண்டாள். "சரி. உங்க பாஸ்டர வரச் சொல்லு. நான் கோழி அடிக்கப் போறதில்லன்னு சொல்லு."

வியாழக்கிழமை மத்தியானம் போதகர் வந்தார். கையில் படிவம் இல்லை. வண்டியைத் தகரத்தோடு மாமரத்தடியில் நிறுத்தியிருந்தார். பாயில் உட்கார்ந்து, கைகழுவி, ஜெபித்து, கிண்ணத்தைத் திறந்தபோது வானம் உடைந்துகொண்டது. பத்து நாள் பொறுக்கும் என்று நினைத்த மழை அன்றைக்கே வந்துவிட்டது.

முதல் சொட்டு சகேயோவின் பிடரியில் விழுந்தது. அடுத்தது களியின் மேல். கொஞ்ச நேரத்தில் கூரை பன்னிரண்டு இடத்தில் ஒழுகியது. பெரியவள் தங்கையை இழுத்துக்கொண்டு ஒழுகாத ஒரே மூலைக்குப் போனாள். ஃபலேசி முழங்காலிட்டபடி ராணி மாதிரி நிமிர்ந்து இருந்தாள், நெற்றியிலிருந்து தண்ணீர் வழிய. வீட்டில் ஒன்றுமே நடக்காத மாதிரி, "நல்லா சாப்பிடச் சொல்லுடா" என்றாள்.

சகேயோ போதகரைப் பார்த்தான். இந்த மனிதர் இப்போது அண்ணாந்து பார்த்தால் போதும், 'அடடா, கூரை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்தது. ஜென்மத்துக்கும் அவள் தகரத்தைத் தொடமாட்டாள்.

போதகர் அண்ணாந்து பார்க்கவில்லை. அவருடைய மூக்கின் நுனியிலிருந்து தண்ணீர் கிண்ணத்தில் சொட்டியது. இரைப்பையை எடுத்து, மென்று, அவசரப்படாமல் விழுங்கினார். மழைத் தண்ணீரில் குழம்பு ததும்பிக்கொண்டிருக்க, களியை அதில் தோய்த்துத் தோய்த்துக் கடைசி உருண்டை வரை தின்றார். தனக்குத் தெரிந்த உள்ளூர் வார்த்தையில் மூன்று தடவை நன்றி சொன்னார். பிறகு சகேயோவிடம் மெதுவாகச் சொன்னார்.

"அக்கா, பாஸ்டர் கேக்குறார். மிஷன்ல ஒரு வீட்டுக்குப் போதுமான தகரம் மிச்சமாக் கெடக்குதாம், வைக்க எடமில்லையாம். இந்த வீட்டுல உண்ட பாத்தியதைல கேக்குறாராம், இங்க வச்சுக்க முடியுமான்னு."

இதில் ஒரு எழுத்தைக்கூடச் சகேயோ மாற்றவில்லை. அவர் அப்படியேதான் சொன்னார்.

ஃபலேசி யோசித்தாள். நன்றாகவே யோசித்தாள். மூலையில் சின்னவள் இருமினாள். அக்காவின் கன்னத்தில் வழிந்தது மழையா என்று சகேயோவால் சொல்ல முடியவில்லை. மழையாக இருக்காது, அது இரண்டு கண்ணிலிருந்தும் வந்தது.

"எடம் கொஞ்சம் நெருக்கடிதான்" என்றாள் அவள். "பரவால்ல, பாவம், இவ்வளவு தூரம் கேக்குறார். கீழ போட்டா துருப்பிடிச்சிடும். செவுத்து மேல ஏத்தி ஆணி அடிச்சு வைக்கச் சொல்லு. அவருக்கு எப்ப வேணுமோ, வந்து எடுத்துக்கட்டும்."